ஹன்லி நீர்மூழ்கியின் கதையை எழுதப் போகிறீர்களா? எங்கே தொடங்குவது, யாரை நம்புவது

1864 பிப்ரவரி 17 இரவு, அமெரிக்க உள்நாட்டுப் போரின் நடுவில், மனிதர்கள் கையால் சுற்றி ஓட்டிய ஓர் இரும்புப் படகு சார்ல்ஸ்டன் துறைமுகத்துக்கு வெளியே ஹூசடோனிக் என்ற போர்க்கப்பலை மூழ்கடித்தது, அந்தப் படகும் கரை திரும்பவில்லை. எச். எல். ஹன்லி என்ற அந்த நீர்மூழ்கியைப் பற்றித் தேடினால் எங்கும் முதலில் கிடைப்பது இந்த இரவுதான். தமிழில் கட்டுரை எழுதுபவரும் வீடியோ போடுபவரும் பள்ளி ப்ராஜெக்ட் செய்பவரும் இங்கிருந்தே தொடங்குகிறார்கள், அதனால் எல்லாருடையதும் ஒன்றுபோலவே இருக்கிறது, ஒரே தவறுகளோடு. அந்த இரவைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். படகைக் கட்டியவர்களிடமிருந்து தொடங்கினால்தான் கதை பிடிபடும்.

முதல் வேலை: மூன்று படகுகளையும் தனித்தனியாகப் பிரியுங்கள்

ஹன்லி அந்தக் கூட்டத்தின் மூன்றாவது முயற்சி. நோட்டில் மூன்று பக்கம் ஒதுக்கி, ஒவ்வொன்றிலும் எங்கே கட்டினார்கள், யார் பணம், யார் பட்டறை, எப்படி முடிந்தது என்று எழுதிக்கொண்டே வாருங்கள்.

முதல் பக்கத்துக்குப் பெயர் பயனியர். நியூ ஆர்லியன்ஸில் ஜேம்ஸ் மெக்ளின்டாக், பாக்ஸ்டர் வாட்சன் என்று இரண்டு இயந்திரப் பட்டறைக்காரர்கள் இருந்தார்கள், நீராவி அழுத்தமானிகள் செய்து விற்பவர்கள். அவர்களோடு சேர்ந்தவர் ஹொரேஸ் லாசன் ஹன்லி: வக்கீல், ஒரு காலத்தில் லூயிசியானா சட்டமன்ற உறுப்பினர், சுங்க இலாகாவில் அதிகாரி. 1862 பிப்ரவரியில் பயனியரைத் தண்ணீரில் இறக்கிச் சோதித்தார்கள், மார்ச் இறுதியில் தெற்கு அரசிடம் (அமெரிக்காவிலிருந்து பிரிந்துபோன தென்மாநிலங்களின் அரசு) அதற்கு ஓர் அனுமதிப் பத்திரமும் வாங்கினார்கள். எதிரிக் கப்பலைத் தாக்கி லாபம் பார்க்கத் தனியார் கப்பலுக்கு அரசு கொடுக்கும் உரிமம் அது. அதாவது இவர்கள் கடற்படைக்காரர்கள் அல்ல, நாட்டுப்பற்றும் வியாபாரமும் கலந்த முதலீட்டாளர்கள். இதைக் குறித்துக்கொள்ளுங்கள், பின்னால் பல விஷயம் இதனால் புரியும். ஏப்ரலில் வடக்குக் கடற்படை நியூ ஆர்லியன்ஸைப் பிடிக்க வந்தபோது படகை அவர்களே ஒரு கால்வாயில் மூழ்கடித்துவிட்டு அலபாமா மாநிலத்தின் மொபீல் நகருக்கு ஓடிவிட்டார்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. 1878இல் நியூ ஆர்லியன்ஸ் பக்கத்தில் பழைய நீர்மூழ்கி ஒன்று கிடைத்தது, அதுதான் பயனியர் என்று பல பத்தாண்டுகள் நம்பினார்கள். அது வேறு படகு. உண்மையான பயனியரை வடக்குப் படையினர் எடுத்துவிட்டார்கள், அவர்களின் பொறியாளர்கள் வரைபடம்கூடப் போட்டார்கள், 1868இல் அது பழைய இரும்பாக விலைபோனது. ஆக, "அருங்காட்சியகத்தில் இருக்கும் பயனியர்" என்று தலைப்புப் போட்டு ஒரு படம் வந்தால் எடுக்காதீர்கள்.

இரண்டாம் பக்கம், அமெரிக்கன் டைவர். மொபீலில் பார்க் அண்ட் லயன்ஸ் என்ற பட்டறையில் கட்டினார்கள். மின்காந்த இயந்திரம் வைத்து ஓட்டப் பார்த்து, காலமும் காசும் கரைந்ததுதான் மிச்சம், கடைசியில் கையால் சுற்றும் கிராங்குக்கே வந்தார்கள். 1863 பிப்ரவரியில் வளைகுடா வாய்க்கு இழுத்துப் போகும்போது கடல் கொந்தளித்து மூழ்கிவிட்டது, ஆள் சேதமில்லை. அந்தப் படகு இன்றுவரை கிடைக்கவில்லை.

மூன்றாம் பக்கம்தான் நம்முடையது. இப்போது பணம் புதிய இடத்திலிருந்து வருகிறது: நீரடிக் கண்ணிவெடி செய்துகொண்டிருந்த எட்கர் சிங்கரின் குழு. மொத்தச் செலவு 15,000 டாலர், அதில் மூன்றில் ஒரு பங்கு ஹன்லியுடையது, இன்னொரு பங்கு சிங்கருடையது. பட்டறை வேலையை மேற்பார்த்தவர்களில் ஒருவர் வில்லியம் அலெக்ஸாண்டர், இங்கிலாந்தில் பிறந்த பொறியாளர், அலபாமா 21ஆம் காலாட்படையைச் சேர்ந்தவர். ஜூலை 1863இல் படகு தயார், அதே மாதம் 31ஆம் தேதி தெற்குக் கடற்படையின் அட்மிரல் புக்கானனுக்கு முன்னால் ஒரு நிலக்கரிப் படகைத் தகர்த்துக் காட்டினார்கள்.

மூன்று பக்கத்தையும் அருகருகே வைத்தால் ஒன்று தெரியும். மூன்றிலும் வடிவமைப்பு மூளை மெக்ளின்டாக். ஹன்லி பணம் போட்டவர், ஆள் பிடித்தவர், விடாமல் துரத்தியவர். "ஹன்லி கண்டுபிடித்த நீர்மூழ்கி" என்று எழுதினால் பாதிதான் சரி, மெக்ளின்டாக் பெயரே இல்லாமல் ஒரு கட்டுரை இருந்தால் அதை எழுதியவர் மேலோட்டமாகத்தான் படித்திருக்கிறார் என்று நான் முடிவு கட்டிவிடுவேன்.

இரண்டாவது: சாட்சிகளை இரும்போடு ஒப்பிடுங்கள்

இந்தக் கதையில் நமக்கு ஒரு பெரிய அதிர்ஷ்டம். 1995இல் நாவலாசிரியர் கிளைவ் கஸ்லரின் நூமா என்ற, மூழ்கிய கப்பல்களைத் தேடும் குழு படகைக் கண்டுபிடித்தது, 2000 ஆகஸ்ட் 8ஆம் தேதி முழுசாகத் தூக்கினார்கள். அதனால் பழைய சாட்சிகள் சொன்னதில் எது சரி, எது புரட்டு என்று இரும்பே சொல்லிவிடுகிறது. வரலாற்றில் இப்படி வாய்ப்பது அபூர்வம், நன்றாகப் பயன்படுத்துங்கள்.

அலெக்ஸாண்டரை எடுத்துக்கொள்ளுங்கள். 1902இல், ஏறத்தாழ 40 வருடம் கழித்து, நியூ ஆர்லியன்ஸ் பத்திரிகை ஒன்றில் அவர் நினைவுகளை எழுதினார். ஒரு பழைய கொதிகலனை நீளவாக்கில் வெட்டி, நடுவில் இரும்புப் பட்டை சேர்த்துப் படகாக்கினோம், சுமார் 30 அடி நீளம் என்றார், வரைபடமும் கொடுத்தார். கட்டியவரே சொல்கிறார், வேறென்ன வேண்டும் என்று நூறு வருடம் எல்லாரும் அதையே எழுதினார்கள். தூக்கிப் பார்த்தால் நீளம் சுமார் 40 அடி. கொதிகலனும் இல்லை, தகடுகளை இந்த வேலைக்கென்றே வளைத்துச் செய்திருக்கிறார்கள். தண்ணீரில் வழுக்கிப் போக வேண்டும் என்று ரிவெட் தலைகளைக்கூட வெளியே துருத்தாமல் மட்டமாக்கியிருக்கிறார்கள். அவ்வளவு நேர்த்தி.

மெக்ளின்டாக் 1870களின் தொடக்கத்தில் தெற்குக் கடற்படையில் இருந்த மேத்யூ மோரிக்கு எழுதிய கடிதத்தில் 40 அடி நீளம், நீள்வட்டக் குறுக்குவெட்டு என்று சரியாகவே சொல்லியிருந்தார். அப்போது அவர் தன் நீர்மூழ்கி அறிவைப் பிரிட்டிஷ் கடற்படைக்கு விற்கப் பார்த்துக்கொண்டிருந்தார், 1872இல் அதற்காக ஹாலிஃபாக்ஸ் வரை போனார், எனவே மிகைப்படுத்த அவருக்குக் காரணம் இருந்தது. இருந்தும் அளவுகள் பொருந்துகின்றன. இன்னொரு சாட்சி ஒரு ஓவியம்: கான்ராட் வைஸ் சாப்மன் வரைந்தது, 1863 டிசம்பர் தேதியிட்டது. படகை ரொம்ப ஒல்லியாக, அழகாகக் காட்டுகிறாரே, ஓவியர் கற்பனை என்று ஒதுக்கியவர்கள் உண்டு. படகு வெளியே வந்தபின் ஓவியர்தான் கெட்டிக்காரர் என்று தெரிந்தது.

எனவே ஒரு தகவலை எடுக்கும்போது யார் சொன்னார் என்பதோடு எந்த வருடம் சொன்னார், சொல்லி அவருக்கு என்ன ஆகவேண்டியிருந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவையுங்கள். 2000க்கு முன் வந்த எதையும், தூக்கிய படகோடு ஒப்பிட்டுப் பார்க்காமல், படகின் உருவம் பற்றி நம்ப வேண்டாம்.

அப்புறம், இதற்காக அலெக்ஸாண்டரைத் தூக்கி எறிந்துவிடவும் கூடாது. உள்ளே என்ன நடந்தது என்று நமக்குச் சொல்ல அவரை விட்டால் ஆள் குறைவு. மூச்சு எவ்வளவு நேரம் தாங்கும் என்று பார்க்க அடியில் போய் உட்கார்ந்தார்களாம், சுமார் 25 நிமிடத்தில் மெழுகுவர்த்தி அணைந்துவிட்டதாம், இருட்டிலேயே 2 மணி 35 நிமிடம் இருந்துவிட்டு மேலே வந்தார்களாம். இதற்கு அவர் வாய்ச்சொல்தான் ஆதாரம், எனவே "அலெக்ஸாண்டர் சொல்வதன்படி" என்று போட்டு எழுதுங்கள், போதும்.

மூன்றாவது: சுண்ணாம்புக்கட்டி எடுத்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போங்கள்

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 40 அடி நீளம், மூன்றரை அடி அகலத்தில் இரண்டு முனையும் கூராக ஒரு கோடு போடுங்கள். முன்னும் பின்னும் பேலஸ்ட் தொட்டிகளுக்கு (படகைத் தாழ்த்தக் கடல்நீர் நிரப்பும் தொட்டிகள்) இடம் விட்டுவிட்டு, மிச்சத்தில் எட்டு பேரை ஒரே வரிசையில் உட்காரவையுங்கள். உயரம் நாலு அடிதான், எனவே யாரும் நிமிரக் கூடாது. ஏழு பேர் முன்னால் ஓடும் நீண்ட கிராங்கைப் பிடித்துச் சுற்றுகிறார்கள், எட்டாமவர் முன் கோபுரத்தில் தலையை வைத்துச் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்துச் சுக்கானையும், ஆழத்துக்கான இறக்கைகளையும் இயக்குகிறார். ஆழம் காட்டப் பாதரச அளவி. வெளியேற வழி முன்னும் பின்னும் இரண்டே மூடிகள், ஒரு ஆள் தோளைக் குறுக்கிக்கொண்டு நுழையும் அளவு. நடுவில் இருப்பவர் வெளியே வர வேண்டுமானால், எந்தப் பக்கம் போனாலும் மூன்று பேராவது முதலில் வெளியேற வேண்டும். எல்லாரும் கிராங்குக்கும் சுவருக்கும் நடுவில் மாட்டியிருக்கிறார்கள்.

தொட்டிகளையும் கவனியுங்கள். வால்வைத் திறந்தால் கடல்நீர் உள்ளே வரும், படகு தாழும், கைப்பம்பால் வெளியே தள்ளினால் மேலே வரும். ஆனால் தொட்டியின் சுவர் கூரைவரை எட்டவில்லை. நிரம்பி வழிந்தால் தண்ணீர் நேராக ஆட்கள் மேலேதான். இந்த ஒரு குறை எத்தனை உயிர் குடித்தது என்பது அடுத்த பகுதியில் வரும்.

நான்காவது: சாவுகளை அவசரப்படாமல் எழுதுங்கள்

பெரும்பாலான கட்டுரைகள் "இரண்டு முறை மூழ்கியது" என்று ஒரு வரியில் தாண்டிப் போகின்றன. இங்கேதான் நீங்கள் நிற்க வேண்டும்.

1863 ஆகஸ்டில் படகை ரயிலில் சார்ல்ஸ்டனுக்குக் கொண்டுவந்தார்கள். துறைமுகத்தை வடக்குக் கடற்படை முற்றுகையிட்டிருந்தது, முற்றுகைக் கப்பலை மூழ்கடிப்பவர்களுக்கு உள்ளூர் வணிக நிறுவனம் ஒன்று பெரிய பரிசுத்தொகை வேறு அறிவித்திருந்தது. முதலில் மெக்ளின்டாக் கையில்தான் படகு இருந்தது, அவர் வேகம் போதவில்லை என்று தளபதிகள் படகைப் பறிமுதல் செய்து, அனுபவமில்லாத கடற்படைக் குழுவிடம் லெப்டினன்ட் ஜான் பேன் தலைமையில் கொடுத்தார்கள். ஆகஸ்ட் 29 அன்று மூடிகள் திறந்திருக்கும்போதே படகு தாழ்ந்துவிட்டது, 5 பேர் சாவு. பேன் தவறுதலாக நெம்புகோலை மிதித்தார் என்று ஒரு கதை, பக்கத்தில் போன நீராவிக் கப்பலின் அலை என்று இன்னொரு கதை, கயிறு சிக்கியது என்று மூன்றாவது கதை. ஒன்றைத் தேர்ந்தெடுக்காதீர்கள், மூன்றையும் சொல்லுங்கள். அந்த ஐவரைப் புதைத்த கல்லறையின் மேல் பிற்காலத்தில் கால்பந்து மைதானம் வந்துவிட்டது, 1990களில்தான் தோண்டி எடுத்தார்கள்.

அதன்பின் ஹன்லியே மொபீலிலிருந்து தன் ஆட்களோடு வந்தார். அக்டோபர் 15 அன்று இந்தியன் சீஃப் என்ற கப்பலுக்கு அடியில் புகுந்து வெளியே வரும் பயிற்சி, உள்ளே போன படகு வரவில்லை. 8 பேரும் போனார்கள், ஹன்லி உட்பட. வாரக்கணக்கில் கழித்துத் தூக்கியபோது மூக்கு சேற்றில் குத்தி நின்றது. முன் தொட்டி வால்வு திறந்தே கிடந்தது, அதை மூடும் சாவி கீழே விழுந்திருந்தது. ஹன்லியின் கையில் மெழுகுவர்த்தி. பின் கோபுரத்தில் தாமஸ் பார்க், படகு கட்டிய பட்டறைக்காரரின் மகன். ஹன்லி இறந்தபிறகுதான் படகுக்கு அவர் பெயரே வந்தது, அதுவரை "மீன் படகு" என்று ஏதோ ஒன்று. எனவே 1863 ஜூலை நிகழ்ச்சிகளை எழுதும்போது "ஹன்லி என்று பெயரிட்டு இறக்கினார்கள்" என்று போட்டுவிடாதீர்கள்.

மூன்றாவது குழு ஜார்ஜ் டிக்சனுடையது. அலெக்ஸாண்டரும் கூட இருந்திருப்பார், ஆனால் பிப்ரவரி 1864இல் துப்பாக்கி வேலைக்காக மொபீலுக்குத் திருப்பி அழைத்துவிட்டார்கள், அதனால்தான் 1902வரை நினைவு எழுத உயிரோடு இருந்தார். கணக்குப் பார்த்தால் ஹன்லி தன் பக்கத்தில் கொன்றது 21 பேர், எதிரிப் பக்கத்தில் 5 பேர்.

ஐந்தாவது: அந்த இரவுக்கு எதிர்த் தரப்பைப் படியுங்கள்

ஹன்லியிலிருந்து யாரும் பிழைக்கவில்லை, எனவே அந்த இரவைப் பார்த்து உயிரோடிருந்து சொன்னவர்கள் எல்லாரும் ஹூசடோனிக்காரர்கள். அமெரிக்க அரசு அச்சிட்ட உள்நாட்டுப் போர்க் கடற்படை ஆவணத் தொகுப்பில், முதல் வரிசையின் 15ஆம் தொகுதியில், அதிகாரிகளின் அறிக்கைகள் இருக்கின்றன. இணையத்தில் இலவசம். விசாரணை நீதிமன்றச் சாட்சியமும் தனியாகக் கிடைக்கிறது. ஆங்கிலம் பழசு, ஆனால் சுருக்கமாக எழுதியிருக்கிறார்கள், ஒரு மாலையில் படித்துவிடலாம்.

இரவு சுமார் 8:45. அதிகாரி கிராஸ்பி, தண்ணீரில் ஒரு பலகை போல ஏதோ நகர்வதைப் பார்த்தார். முன்பக்கம் காவலிருந்தவர் ராபர்ட் ஃப்ளெமிங் என்ற கறுப்பின மாலுமி. அவர் காட்டியபோது மேலதிகாரி அது மரக்கட்டை என்றார், ஆனால் கட்டையானால் நீரோட்டத்தோடு போக வேண்டும், இது குறுக்கே வருகிறது என்று ஃப்ளெமிங் விடவில்லை. சரியான கண். பீரங்கியைத் தாழ்த்திக் குறிவைக்க முடியாத அளவு நெருங்கிவிட்டது, கேப்டன் பிக்கரிங் தன் இரட்டைக்குழல் துப்பாக்கியால் சுட்டார். பார்த்ததிலிருந்து இரண்டு நிமிடம்தான், வலப்பக்கம் பின்புறம் வெடித்தது, ஐந்து நிமிடத்துக்குள் கப்பல் தரையில். ஆழம் 30 அடிக்கும் குறைவு, அதனால் மாலுமிகள் பாய்மரக் கயிறுகளில் ஏறித் தொங்கிப் பிழைத்தார்கள், கனன்டேகுவா என்ற கப்பல் வந்து மீட்டது.

தெற்குக்காரர்களுக்கு ஹன்லி என்றால், வடக்கு அட்மிரல் டால்கிரன் அறிக்கையில் அது "டேவிட்". டேவிட் என்பது வேறு வகை, பாதி மூழ்கி ஓடும் நீராவிப் படகு, 1863 அக்டோபரில் நியூ அயர்ன்சைட்ஸ் கப்பலைத் தாக்கியது. இரண்டையும் குழப்பிய கட்டுரைகள் இன்றும் உலவுகின்றன.

வெடிமுறையிலும் பழைய பாடம் மாறிவிட்டது. படகின் முன்னால் நீட்டிய தண்டின் முனையில் இருந்த டார்பிடோவை, அதாவது வெடிமருந்துக் கலனை, கப்பலில் குத்தி மாட்டிவிட்டு, பின்வாங்கி, கயிறு இழுத்து வெடித்தார்கள் என்பதுதான் நெடுநாள் கதை. 2013இல் தண்டின் முனையைச் சுத்தம் செய்தபோது, டார்பிடோவின் செம்பு உறை பிய்ந்து மடங்கி அதிலேயே ஒட்டியிருந்தது. அதாவது 135 ராத்தல் கருமருந்து, 20 அடிக்குள்ளான தூரத்தில், தண்டோடு சேர்ந்தே வெடித்திருக்கிறது.

ஹன்லி ஏன் மூழ்கியது என்று எழுதும்போது

முடிவு சொல்லும் ஆசையை அடக்குங்கள். கிடைத்த ஆதாரத்தை முதலில் வையுங்கள்: எட்டு எலும்புக்கூடுகளும் அவரவர் இடத்தில் இருந்தன, மூடிகளை நோக்கி முண்டியடித்த அடையாளம் இல்லை. தண்ணீர் வெளியேற்றும்படி பம்பைத் திருப்பி வைத்திருக்கவில்லை. அவசரத்துக்குக் கழற்றிவிட வேண்டிய அடிப்பாகப் பளுக்களும் கழலவில்லை. படகு கிடந்தது ஹூசடோனிக்குக் கடல் பக்கம், கரையை நோக்கித் திரும்பும் வழியில் தேடியவர்கள் நினைத்த பக்கம் அல்ல. இதன்பிறகு ஊகங்களுக்கு வாருங்கள்: காற்று தீர்ந்தது, முன் கோபுரத்தில் ஓட்டை விழுந்தது, மீட்புக்கு வந்த கப்பல் மோதியது, வெடிப்பின் அதிர்வலை தகட்டைத் தாண்டி உள்ளே வந்து அந்த நொடியே கொன்றது. கடைசியாகச் சொன்னதை 2017இல் டியூக் பல்கலைக்கழகத்தின் ரேச்சல் லான்ஸ் சோதனைகளோடு முன்வைத்தார், படகை ஆராயும் ஹன்லி திட்டத்தைச் சேர்ந்தவர்கள் ஏற்கவில்லை. எனக்கு லான்ஸின் விளக்கம் அமைதியாக உட்கார்ந்திருந்த எலும்புகளோடு நன்றாகப் பொருந்துவதாகப் படுகிறது, ஆனால் உங்கள் கட்டுரையில் "மர்மம் விலகியது" என்று தலைப்புப் போடும் அளவுக்கு இல்லை.

டிக்சனின் தங்க நாணயம் பற்றி எல்லாரும் கேட்பார்கள். 1862 ஏப்ரல் 6, ஷைலோ போரில் துப்பாக்கிக் குண்டை வாங்கிக்கொண்டு வளைந்த 20 டாலர் நாணயம். அது உண்மை, 2001இல் அவர் எலும்புகளோடு கிடைத்தது, ஷைலோ என்ற பெயரும் தேதியும் பொறித்திருக்கிறது. காதலி கொடுத்த நாணயம் என்பதற்கு மட்டும் உறுதியான சான்று இல்லை. இன்னொருவர் கழுத்தில் எஸ்ரா சேம்பர்லின் என்ற வடக்குப் படைவீரரின் அடையாள வில்லை இருந்தது, உடனே "கட்சி மாறியவர்" என்று செய்தி பறந்தது. ஆய்வில் அணிந்திருந்தவர் ரிட்ஜவே என்று தெரிந்தது, போர்க்களத்தில் எடுத்த நினைவுப் பொருளாக இருக்கலாம். எண்மரில் நால்வர் ஐரோப்பாவில் பிறந்தவர்கள் என்பதும் எலும்புகள் சொன்னதே.

இவர்கள் துணிச்சலை எழுதுங்கள், அதற்குத் தகுதி உண்டு. ஆனால் எந்த அரசுக்காக உழைத்தார்கள் என்பதை விழுங்கிவிடாதீர்கள், அடிமை முறையைக் காக்கப் பிரிந்துபோன அரசு அது. ஃப்ளெமிங்கின் பெயரை உங்கள் கட்டுரையில் டிக்சன் பெயருக்குப் பக்கத்தில் வைத்தாலே பாதி வேலை முடிந்துவிடும்.

"உலகின் முதல் நீர்மூழ்கி" என்று மட்டும் எழுதாதீர்கள். 1776இலேயே புஷ்னெலின் டர்ட்டில் நியூயார்க்கில் பிரிட்டிஷ் கப்பலைத் தாக்க முயன்று தோற்றது. போரில் எதிரிப் போர்க்கப்பலை மூழ்கடித்த முதல் நீர்மூழ்கி என்பதுதான் ஹன்லிக்குப் பொருந்தும். அடுத்து 1914 செப்டம்பரில் ஜெர்மனியின் யூ-21, பாத்ஃபைண்டர் கப்பலை மூழ்கடித்தது, இடையில் 50 வருடம்.

கடைசியாகப் படங்கள். சார்ல்ஸ்டன் அருங்காட்சியகத்துக்கு வெளியே நிற்கும் மாதிரி 2000க்கு முன் செய்தது, உருவம் சரியில்லை, ஆனால் தேடினால் அதுதான் முன்னால் வந்து நிற்கும். அசல் படகு வடக்கு சார்ல்ஸ்டனில் உள்ள வாரன் லாஷ் பாதுகாப்பு மையத்தில் ஒரு தொட்டிக்குள் இருக்கிறது. பின்னணியில் தொட்டியும் குழாய்களும் தெரிகிற படமாகப் பார்த்து எடுங்கள், எடுத்த வருடத்தையும் கீழே போடுங்கள், ஏனென்றால் தொடக்க ஆண்டுப் படங்களில் மேலே படிந்த கெட்டி மேலோடுதான் தெரியும், சுத்தம் செய்தபின் எடுத்த படங்களில்தான் மெக்ளின்டாக் கூட்டத்தின் தகட்டு வேலையே கண்ணில் படும்.